வரிசையே இல்லாத காத்திருப்பு: ஜப்பானில் குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்கும் விதம்

பிப்ரவரி பிறந்தால் டோக்கியோவில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் எல்லோர் கண்ணும் தபால் பெட்டி மேல்தான். ஏப்ரலில் காப்பகத்தில் இடம் உண்டா இல்லையா என்று சொல்லும் கடிதம் வருகிற சமயம் அது. போன தடவை எங்கள் குடியிருப்பில் மேல்மாடியில் இருக்கும் தமிழ்ப் பெண் ஒருத்தி அந்த உறையைப் பிரிக்காமல் அப்படியே என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். "அக்கா, நீங்களே பிரிங்க. எனக்குத் தைரியம் இல்லை." உள்ளே ஒரே ஒரு தாள். இடம் இல்லை என்று அதில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை. 'ஹொர்யூ' என்று இருந்தது. நிறுத்திவைக்கப்பட்டுள்ளது என்று அர்த்தம். அவள் இடுப்பில் இருந்த ஒரு வயதுப் பிள்ளை அந்தத் தாளைப் பிடுங்கி வாயில் வைக்கப் பார்த்தது. அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நாங்க வரிசையில எத்தனாவது?"

எத்தனாவதும் இல்லை. அப்படி ஒரு வரிசையே கிடையாது. இதைப் புரிந்துகொள்ள எனக்கே என் மகனுக்காக அலைந்த 2016-ஆம் வருடம் முழுக்கத் தேவைப்பட்டது. காத்திருப்போர் பட்டியல் என்றால் நம் மனதில் வருவது ரேஷன் கடை வரிசை: முதலில் போய் நின்றவருக்கு முதலில். ஜப்பானின் காப்பகங்கள் அப்படி இயங்குவதில்லை. ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு மாதிரி, யாருக்குத் தேவை அதிகம் என்று எடைபோட்டு இடம் தருகிறார்கள். நீ எப்போது விண்ணப்பித்தாய் என்பதற்கு மதிப்பே இல்லை. உன் தேவை எவ்வளவு என்று ஒரு அட்டவணை சொல்கிறதோ, அதுதான் உன் இடம்.

இந்த ஏற்பாட்டுக்கு ஒரு பின்னணி இருக்கிறது. ஜப்பானில் பள்ளிக்கு முந்தைய குழந்தைகளுக்கு நெடுங்காலமாக இரண்டு வகை இடங்கள். ஒன்று 'யோச்சிஎன்', நம்மூர் பாலர் பள்ளி போல. மூன்று வயதுக்கு மேல் சேர்ப்பார்கள், பெரும்பாலும் மதியத்துக்கு மேல் பிள்ளையை அழைத்துவந்துவிட வேண்டும், அது கல்வி அமைச்சகத்தின் பொறுப்பு. இன்னொன்று 'ஹொய்குஎன்', நான் காப்பகம் என்று சொல்வது இதைத்தான். கைக்குழந்தையிலிருந்து எடுப்பார்கள், காலையில் விட்டால் மாலையில் கூட்டிவரலாம். போருக்குப் பின் 1947-இல் வந்த குழந்தைகள் நலச் சட்டத்தில் பிறந்தது இது. அதனால் இதைக் கல்வியாகப் பார்க்காமல் நலத்திட்டமாகவே பார்த்தார்கள். 2023 ஏப்ரலில் குழந்தைகளுக்கென்று தனி அரசு முகமை வரும் வரை நலத்துறையிடமே இருந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத குழந்தைக்கு அரசு தரும் உதவி என்பதுதான் அடிப்படை. உதவி என்றால், யாருக்கு முதலில் என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது காப்பகம் அல்ல, உள்ளாட்சி. அங்கீகாரம் பெற்ற காப்பகம் தனியாருடையதாக இருந்தாலும், தன்னிடம் வரும் பிள்ளையை அதுவாகத் தேர்ந்தெடுக்க முடியாது. டோக்கியோவில் ஒவ்வொரு வார்டும் ஒரு தனி உள்ளாட்சி. பெற்றோர் அந்த வார்டு அலுவலகத்தில் விண்ணப்பிக்கிறார்கள், தங்களுக்கு வேண்டிய காப்பகங்களை விருப்ப வரிசையில் எழுதிக் கொடுக்கிறார்கள், யாருக்கு எங்கே என்று வார்டு தீர்மானிக்கிறது. 1997-இல் சட்டம் திருத்தப்படும் வரை இந்த விருப்பத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. அரசு எங்கே சொல்கிறதோ அங்கே. கட்டணத்தையும் பெற்றோரின் வருமானத்தைப் பார்த்து உள்ளாட்சிதான் நிர்ணயிக்கிறது. 2019 அக்டோபரிலிருந்து 3 முதல் 5 வயது வரை கட்டணமே இல்லை. அங்கீகாரம் இல்லாத தனியார் காப்பகங்களும் இருக்கின்றன. அங்கே நேரடியாகப் பேசிச் சேர்க்கலாம், ஆனால் கைக்குழந்தைக்குப் பணம் நிறையக் கேட்பார்கள். எல்லோரும் அங்கீகாரம் பெற்ற இடத்துக்கே முட்டி மோதுவது இதனால்தான்.

2015-இல் வந்த புதிய முறைப்படி முதலில் ஒரு சான்று வாங்க வேண்டும். வேலை, பிரசவம், நோய், வீட்டில் முதியவரைப் பராமரித்தல், படிப்பு, வேலை தேடுதல் என்று ஏதாவது ஒரு காரணம் காட்ட வேண்டும். வேலை என்றால் மாதம் குறைந்தது இத்தனை மணி நேரம் என்று ஒரு வரம்பு உண்டு; 48-க்கும் 64-க்கும் இடையில் அந்தந்த உள்ளாட்சி வைத்துக்கொள்ளலாம். முழுநேர வேலைக்காரர்களின் பிள்ளைக்கு நாளில் 11 மணி நேரம் வரை, பகுதிநேரம் என்றால் 8 மணி நேரம் வரை. ஆனால் இந்தச் சான்று கையில் இருந்தால் இடம் கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை, கேட்கத் தகுதி வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்புறம் வருவது புள்ளி.

டோக்கியோவின் பல வார்டுகளில் அப்பாவுக்கு 20, அம்மாவுக்கு 20, மொத்தம் 40 என்று ஒரு கணக்கு. செதகாயா வார்டில் ஆளுக்கு 50, மொத்தம் 100. வாரம் ஐந்து நாள், நாளுக்கு எட்டு மணி நேரம் வேலை பார்த்தால் முழுப் புள்ளி. ஒரு நாள் குறைந்தாலோ, நேரம் குறைந்தாலோ புள்ளியும் இறங்கும். இன்னும் வேலையே கிடைக்கவில்லை, தேடுகிறேன் என்றால் மிகக் கீழே. இதன் மேல் கூட்டல் கழித்தல். தனியாக வளர்க்கும் தாய்க்கோ தந்தைக்கோ கூட்டல். அண்ணனோ அக்காவோ அதே காப்பகத்தில் இருந்தால் கூட்டல். பணம் கட்டி அங்கீகாரம் இல்லாத தனியார் காப்பகத்தில் ஏற்கெனவே விட்டிருந்தால் பல இடங்களில் கூட்டல். வேலைக்குப் போகாத தாத்தா பாட்டி பக்கத்திலேயே இருந்தால் சில இடங்களில் கழித்தல்.

என் கணவரும் நானும் இருவருமே முழுநேர வேலை. 40 புள்ளி. கையில் முழு மதிப்பெண் வைத்திருக்கிறோம், நமக்கு எப்படிக் கிடைக்காமல் போகும் என்று நிம்மதியாக இருந்தேன். கடிதம் வந்த பிறகு அலுவலக ஜன்னலில் போய் நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது: அந்தப் பகுதியில் விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோர் 40-தான். எல்லோரும் முழு மதிப்பெண் வாங்கிய பரீட்சையில் தேர்வு செய்வது கூட்டல் கழித்தலில் வரும் ஒற்றைப் புள்ளியும், அதற்கும் கீழே உள்ள சமநிலை விதிகளும்தான். சமமாக இருந்தால் வருமானம் குறைந்தவருக்கு, அல்லது அந்த வார்டில் அதிக வருடம் குடியிருப்பவருக்கு என்று இடத்துக்கு இடம் மாறும். வெளிநாட்டிலிருந்து வந்து இரண்டு வருடமே ஆன குடும்பத்துக்குக் கடைசி விதி எப்படிப் போகும் என்று சொல்லத் தேவையில்லை.

அந்த ஒரு புள்ளிக்காக ஜப்பானியத் தாய்மார்கள் படும் பாட்டுக்கு ஒரு பெயரே உண்டு: 'ஹொகட்சு', காப்பகம் தேடும் வேலை. வயிற்றில் பிள்ளை இருக்கும்போதே காப்பகம் காப்பகமாகப் போய்ப் பார்ப்பது, போட்டி குறைந்த வார்டுக்கு வீடு மாறுவது, கூட்டல் புள்ளிக்காகவே சில மாதம் தனியார் காப்பகத்துக்குப் பணத்தைக் கொட்டுவது எல்லாம் இதில் அடங்கும். நாங்களும் கடைசியில் அதைத்தான் செய்தோம். வசதி குறைந்தவருக்கு முன்னுரிமை தர நினைத்துப் போட்ட ஏற்பாட்டில், முன்பணம் கட்ட வசதி இருப்பவர் ஒரு புள்ளி ஏறிக்கொள்கிறார். எனக்கு அந்தப் புள்ளி கிடைத்தது; அதற்காக நான் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்றும் மனசு ஒப்பவில்லை.

பிறந்த மாதமும் இதில் ஒரு பங்கு வகிக்கிறது. ஜப்பானில் எல்லாமே ஏப்ரலில் தொடங்கும். ஏப்ரல் 1-ஆம் தேதி பிள்ளைக்கு எத்தனை வயதோ அந்த வகுப்பு. இலையுதிர் காலத்தின் கடைசியில் விண்ணப்பம், குளிர்காலத்தில் முடிவு, மிச்சம் மீதி இடத்துக்கு மார்ச்சுக்குள் இரண்டாவது சுற்று. நடு வருடத்தில் இடம் காலியாவது அபூர்வம். யாராவது ஊர் மாறிப் போனால்தான். பிரசவத்துக்குப் பின் எட்டு வாரம் கட்டாய ஓய்வு என்பதால், கைக்குழந்தையை எடுக்கும் காப்பகங்கள் சீக்கிரமாக எடுத்தாலும் பிறந்து 57 நாள் ஆன பிறகுதான் எடுக்கும். ஏப்ரலில் பிறந்த பிள்ளைக்கு அடுத்த ஏப்ரலில் நிதானமாக விண்ணப்பிக்கலாம். பிப்ரவரி நடுவிலோ மார்ச்சிலோ பிறந்த பிள்ளை அந்த ஏப்ரலில் கைக்குழந்தை வகுப்புக்குள் போகவே முடியாது. அது நேராக அடுத்த வருடம் ஒரு வயது வகுப்புக்குத்தான் முட்ட வேண்டும்.

அந்த ஒரு வயது வகுப்புதான் எல்லோரும் வந்து சிக்கிக்கொள்ளும் இடம். ஒரு காப்பகத்தை எடுத்துக்கொள்வோம். கைக்குழந்தை வகுப்பில் 9 பேர், ஒரு வயது வகுப்பில் 12 பேர் என்று வைத்துக்கொண்டால், ஏப்ரலில் அந்த 9 பேரும் அப்படியே மேலே ஏறிவிடுவார்கள். புதிதாக வரும் பிள்ளைக்கு மிஞ்சுவது 3 இடம். தாய்மார்களோ, பிள்ளைக்கு ஒரு வயது ஆகும் வரை வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் வேலைக்குத் திரும்பத்தான் விரும்புகிறார்கள். வேண்டியவர் அதிகம், இடம் மிகக் குறைவு. ஒரு வயதில் கிடைக்காது என்று பயந்து, இன்னும் பால்குடி மாறாத பிள்ளையைக் கைக்குழந்தை வகுப்பிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள். அதனால் கைக்குழந்தை வகுப்பு நிரம்புகிறது. ஒரு வயதில் இடம் இன்னும் சுருங்குகிறது.

சின்னப் பிள்ளை வகுப்பைப் பெரிதாக்கிவிட்டால் போகாதா என்று கேட்கத் தோன்றும். கைக்குழந்தை என்றால் 3 பேருக்கு ஒரு ஆசிரியை, ஒன்று இரண்டு வயதில் 6 பேருக்கு ஒருவர் என்பது தேசிய அளவில் குறைந்தபட்ச விதி. தவழும் பிள்ளைக்கு ஆளுக்கு 3.3 சதுர மீட்டர் தரை வேண்டும். மூன்று வயதுக்கு மேல் இந்த நெருக்கடி இல்லை. அங்கே நான்கு ஐந்து வயதுப் பிள்ளைகள் 30 பேருக்கு ஒரு ஆசிரியை என்றே 76 வருடம் ஓட்டி, 2024-இல்தான் அதை 25 ஆக்கினார்கள். சின்ன வயதில் ஒரு இடம் கூட்டுவது என்பது அறையையும் ஆளையும் சேர்த்துக் கூட்டுவது. அந்த ஆள் கிடைப்பதில்லை. காப்பக ஆசிரியை உரிமம் வைத்திருந்தும் சம்பளம் போதாமல், வேலைப் பளு தாங்காமல் வேறு வேலைக்குப் போனவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். கட்டடம் தயார், அனுமதி தயார், ஆசிரியை போதவில்லை என்று வகுப்பைப் பாதி மட்டும் திறந்த காப்பகத்தை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

கட்டடத்துக்கும் தடை வந்தது. 2016-இல் சிபா மாநிலத்தின் இச்சிகாவா நகரத்தில் திறக்கவிருந்த ஒரு காப்பகம், குழந்தைகள் சத்தம் போடும் என்று அக்கம்பக்கத்தார் எதிர்த்ததால் கைவிடப்பட்டது. டோக்கியோ மாநகரம் அதற்கு முந்தைய வருடமே தன் இரைச்சல் விதியைத் திருத்தி, சின்னக் குழந்தைகளின் குரலை அந்தக் கட்டுப்பாட்டிலிருந்து நீக்கியிருந்தது. சுகினாமி வார்டு நிலம் கிடைக்காமல் பூங்காவிலேயே காப்பகம் கட்டப் போய், அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளின் பெற்றோரே எதிர்த்து நின்றார்கள்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். நான் ரொம்ப நாளாகச் சொல்ல நினைத்தது இதுதான்.

'தைகி ஜிதோ', காத்திருக்கும் குழந்தைகள் என்று ஜப்பான் அரசு ஒவ்வொரு ஏப்ரல் 1 கணக்கை வைத்தும் ஒரு எண் வெளியிடும். 2017-இல் அது 26,081. 2025-இல் 2,254. எட்டு வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. பிரமாதமான சாதனை என்றுதான் தோன்றும். ஆனால் மேல்மாடிப் பெண்ணின் பிள்ளை இந்த எண்ணுக்குள் இருக்கிறதா? அநேகமாக இல்லை. விண்ணப்பித்தும் இடம் கிடைக்காத எல்லோரையும் அரசு 'காத்திருப்பவர்' என்று எண்ணுவதில்லை. உள்ளாட்சியே பணம் கொடுத்து நடத்தும் வேறு வகைக் காப்பகத்தில் பிள்ளை இருந்தால் கணக்கில் வராது. வீட்டிலிருந்து வழக்கமான போக்குவரத்தில் 20, 30 நிமிடத்துக்குள் போகக்கூடிய இன்னொரு இடம் இருந்தும் அது வேண்டாம் என்று சொன்னால், குறிப்பிட்ட இடத்துக்காக மட்டும் காத்திருப்பவர் என்று நீக்கிவிடுவார்கள். பெற்றோர் வேலை தேடுவதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்தாலும் நீக்கம். 2001-இல் அரசு வரையறையை மாற்றிய நாளிலிருந்து இந்தக் கழித்தல் நடக்கிறது. பிள்ளை வளர்ப்பு விடுப்பில் இருப்பவரை எண்ணுவதா வேண்டாமா என்பதை அந்தந்த ஊர் தன் இஷ்டத்துக்குச் செய்துகொண்டிருந்தது. வேலைக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால் எண்ணியே ஆக வேண்டும் என்று 2017-இல் சொன்னார்கள்.

இப்படிக் கழிக்கப்பட்டவர்களை ஜப்பானியர்கள் 'மறைந்திருக்கும் காத்திருப்புக் குழந்தைகள்' என்பார்கள். உச்சத்தில் இருந்த அந்த 2017-லேயே அவர்கள் 60,000-க்கும் மேல். அரசு அறிவித்த எண்ணைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம்.

30 நிமிடம் என்றால் பெரிய தூரமா என்று கேட்கலாம். மழையில் ஒரு பிள்ளையை முதுகில் கட்டி, இன்னொன்றைச் சைக்கிள் முன்சீட்டில் உட்காரவைத்து, ரயில் நிலையத்துக்கு எதிர்த்திசையில் இருக்கும் காப்பகத்துக்குப் போய், உடுப்பு மாற்றி, கையெழுத்துப் போட்டு, திரும்பி ரயில் பிடித்து ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் இருக்க வேண்டும் என்றால் அது பெரிய தூரம்தான். அந்த இடத்தை வேண்டாம் என்று சொல்பவர் வசதி பார்த்து மறுக்கிறார் என்று எடுத்துக்கொள்வது நியாயமே இல்லை.

யோக்கோஹாமா நகரத்தின் கதை இதற்கு நல்ல உதாரணம். 2010-இல் நாட்டிலேயே அதிகமாக 1,552 குழந்தைகள் அங்கே காத்திருந்தார்கள். மேயர் ஹயாஷி ஃபுமிகோ இதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டு, மளமளவென்று காப்பகங்களைத் திறந்தார். 18 வார்டுகளிலும் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி, அவரவர் நிலைமைக்கு எது பொருந்தும் என்று வழிகாட்டும் ஆலோசகர்களை நியமித்தார். இந்த ஆலோசகர் ஏற்பாடு உண்மையிலேயே நல்ல யோசனை. பிறகு மற்ற ஊர்களும் எடுத்துக்கொண்டன. 2013 மே மாதம் நகரம் பூஜ்யம் என்று அறிவித்தது. அதே நாளில், விண்ணப்பித்த காப்பகத்தில் இடம் கிடைக்காத குழந்தைகள் 1,700 பேருக்கு மேல் அந்த நகரத்தில் இருந்தார்கள். வரையறைப்படி கழித்த பிறகு வந்த பூஜ்யம் அது. அடுத்த வருடம் எண்ணிக்கை மறுபடி 20 ஆனது. பூஜ்யம் என்று கேள்விப்பட்டதும், அதுவரை நமக்கெங்கே கிடைக்கும் என்று கேட்காமலே இருந்தவர்களும் விண்ணப்பித்தார்கள்.

நாடு முழுவதும் நடந்ததும் அதுதான். 2013-இலிருந்து லட்சக்கணக்கில் இடங்களைக் கூட்டினார்கள். ஆனாலும் 2015-இலிருந்து 2017 வரை மூன்று வருடம் காத்திருப்பவர் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. இடம் திறக்கத் திறக்க, வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் கேட்க ஆரம்பித்தார்கள். பட்டியலின் நீளம் தேவையைக் காட்டுவதில்லை, எத்தனை பேருக்கு நம்பிக்கை இருக்கிறது என்பதைக் காட்டுகிறது. நம்பிக்கை போனால் பட்டியல் தானாகவே குட்டையாகும்.

2016 பிப்ரவரியில், பிள்ளைக்கு இடம் கிடைக்காத யாரோ ஒருவர் பெயர் போடாமல் இணையத்தில் நாட்டைத் திட்டி எழுதினார். எல்லோரும் வேலை பார்த்துப் பிரகாசிக்க வேண்டும் என்கிறீர்களே, நான் வேலையை விட வேண்டியதுதானா என்பதுதான் அதன் சாரம். எதிர்க்கட்சி உறுப்பினர் யமாவோ ஷியோரி நாடாளுமன்றத்தில் அதை எடுத்துக் கேட்டபோது, பெயரில்லாமல் எழுதியது, உண்மையா என்று பார்க்க வழியில்லை என்று பிரதமர் அபே சொன்னார். ஆளுங்கட்சி உறுப்பினர்கள் யார் எழுதியது என்று கூச்சல் போட்டார்கள். சில நாளில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு பெண்கள் நாடாளுமன்றத்தின் முன் வந்து நின்றார்கள். அந்த பிப்ரவரியில் எனக்கும் அதே கடிதம்தான் வந்திருந்தது. அதை எழுதியது யாராக இருந்தாலும், எங்களில் பல பேர் எழுதியிருக்கக்கூடிய வரிகள் அவை.

சரி, இந்தப் புள்ளிகளை வைத்து யாருக்கு எந்தக் காப்பகம் என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? கேட்கச் சுலபம். அதிகப் புள்ளிக்காரருக்கு முதலில், அவர் எழுதிய முதல் விருப்பத்தில் இடம் இருந்தால் அது, இல்லாவிட்டால் இரண்டாவது. ஆனால் அக்கா தம்பி இரண்டு பேரையும் ஒரே இடத்தில் வேண்டும், கிடைக்காவிட்டால் பக்கத்துப் பக்கத்தில், அதுவும் இல்லாவிட்டால் ஒருவரை மட்டும் சேர்க்கத் தயார் என்று குடும்பத்துக்குக் குடும்பம் நிபந்தனை வரும்போது ஒன்றை நகர்த்தினால் பத்து நகரும். அலுவலர்கள் கூடி உட்கார்ந்து தாளும் பென்சிலுமாக நாள்கணக்கில் செய்த வேலை இது. 2017-இல் சைதாமா நகரத்தின் விவரங்களை வைத்து ஃபுஜித்ஸு கணினி நிறுவனத்தின் ஆய்வகமும் கியூஷூ பல்கலைக்கழகமும் ஒரு சோதனை செய்தன. சுமார் 8,000 குழந்தைகள், 300 காப்பகங்கள். கணினி சில நொடிகளில் பிரித்துக் கொடுத்தது. முடிவு சீக்கிரம் தெரிந்தால் கிடைக்காதவர் வேறு வழி தேட அவகாசம் கிடைக்கும். அப்படி முன்கூட்டிக் கிடைக்கும் சில நாள் ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டவர்களுக்குத் தெரியும்.

இந்தக் கணக்கின் வேர், யாரை எதோடு பொருத்துவது என்று கேல், ஷாப்லி என்ற இரண்டு கணித வல்லுநர்கள் 1962-இல் எழுதிய சின்னக் கட்டுரை. ஷாப்லிக்கும் பொருளாதார வல்லுநர் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது இந்தப் பொருத்தும் கணக்குத் துறைக்காகத்தான். 2020-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர் கோஜிமா ஃபுஹிதோ தலைமையில் ஒரு மையம் தொடங்கி, யமகதா, தாமா போன்ற நகரங்களோடு சேர்ந்து இதை ஆராய்கிறார்கள். அவர் எடுத்துச்சொல்லும் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. நான்கு ஐந்து வயது வகுப்பில் இடம் காலியாகக் கிடக்கும். ஒரு வயதில் அடிதடி. ஒவ்வொரு வயதுக்கும் இத்தனை என்று முன்கூட்டியே கல்லில் எழுதாமல், விண்ணப்பங்களைப் பார்த்த பிறகு ஆளையும் அறையையும் வயதுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டால், புதிதாக ஒரு செங்கல் வைக்காமலே கொஞ்சம் பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும்.

பெற்றோருக்கு இதிலிருந்து ஒரு பயன் உண்டு. புள்ளி வரிசைப்படி மட்டுமே பிரிக்கும் ஊரில், பிடித்த காப்பகத்தை முதலில் எழுதினால் மற்றது போய்விடுமோ என்று பயந்து விருப்பத்தை மாற்றி எழுத வேண்டாம். மனதில் இருக்கும் வரிசையிலேயே எழுதலாம். விருப்ப வரிசையையே சமநிலை விதியாக வைத்திருக்கும் ஊரும் உண்டு என்பதால், கையேட்டை ஒரு தடவை படித்துவிட்டு எழுதுவது நல்லது.

இடம் கிடைக்காத கடிதத்துக்கு இன்னொரு உபயோகமும் இருந்தது. பிள்ளை வளர்ப்பு விடுப்பு அடிப்படையில் ஒரு வயது வரைதான். காப்பகம் கிடைக்கவில்லை என்ற கடிதம் காட்டினால் ஒன்றரை வயது, 2017 அக்டோபரிலிருந்து இரண்டு வயது வரை நீட்டிக்கலாம். முதல் 180 நாள் சம்பளத்தில் 67 சதவீதம், அதன் பிறகு 50 சதவீதம் உதவித்தொகை. அதனால் இன்னும் கொஞ்ச நாள் பிள்ளையோடு இருக்க விரும்பும் பெற்றோர், வேண்டுமென்றே கூட்டம் மொய்க்கும் ஒரே ஒரு காப்பகத்தை எழுதி, கிடைக்காத கடிதத்துக்காக விண்ணப்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிஜமாகவே இடம் வேண்டியவரோடு அவர்களும் அதே பெட்டியில் விழுந்தார்கள். தவறிப்போய் இடம் கிடைத்துவிட்டதே என்று புகார் சொன்னவர்களையும் அலுவலகங்கள் சமாளிக்க வேண்டியிருந்தது. 2025 ஏப்ரலில் விதியை இறுக்கினார்கள். விண்ணப்பத்தின் நகலையே காட்ட வேண்டும், காரணமில்லாமல் 30 நிமிடத்துக்கு மேல் தூரமான இடத்தை மட்டும் கேட்டிருந்தால் நீட்டிப்பு இல்லை.

இன்றைய நிலைமை வேறு. நாட்டில் 30 லட்சத்துக்கும் மேல் இடம் இருக்கிறது, சேர்ந்திருக்கும் குழந்தைகள் 27 லட்சம் அளவுக்குத்தான். 2016-இல் முதல் தடவையாக 10 லட்சத்துக்குக் கீழே இறங்கிய பிறப்பு எண்ணிக்கை, 2024-இல் 7 லட்சத்துக்கும் கீழே போய்விட்டது. 1,198 குழந்தைகளைக் காக்கவைத்து 2016-இல் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த செதகாயா 2020-இல் பூஜ்யம் என்றது. கிராமப்புறங்களில் பிள்ளைகள் இல்லாமல் காப்பகங்கள் மூடுகின்றன. 2017-ஐவிட எண்ணிக்கை இறங்கியதற்குக் கட்டிய காப்பகங்களும் காரணம், பிறக்காமல் போன குழந்தைகளும் காரணம். மிச்சம் இருக்கும் காத்திருப்பில் பெரும்பகுதி ஒன்று, இரண்டு வயதுதான், அதுவும் பெருநகரங்களில்.

வேலைக்குப் போகாத தாயின் பிள்ளைக்கும் காப்பகத்தைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும் என்று இப்போது ஒரு திட்டம் வந்திருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயதுக்குள் இருக்கும், காப்பகத்தில் சேராத எந்தக் குழந்தையும் மாதம் 10 மணி நேரம் வரை போகலாம். 2026 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் அமல். 10 மணி நேரம் என்பது வாரத்துக்கு ஒரு முழுக் காலைப்பொழுதுகூட இல்லை. ஆனாலும், தேவையை நிரூபித்த பிறகுதான் பிள்ளைக்கு இடம் என்ற 1947-இன் எண்ணத்திலிருந்து ஒரு அடி வெளியே வந்திருக்கிறார்கள்.

இனி மேல்மாடிப் பெண்ணின் கதை. டோக்கியோவில், அதிலும் எடோகாவா வார்டின் நிஷி கசாய் பக்கம், தமிழ்க் குடும்பங்கள் நிறைய. பெரும்பாலும் கணவர் கணினித் துறையில், மனைவி அவரைச் சார்ந்த விசாவில். அந்த விசாவில் வேலை பார்க்கத் தனி அனுமதி வாங்கலாம், ஆனால் வாரத்துக்கு 28 மணி நேரம் வரைதான். முழுப் புள்ளிக்கு வாரம் 40 மணி நேரம். அவள் எவ்வளவு உழைக்கத் தயாராக இருந்தாலும், குடியேற்றச் சட்டம் அவளை முழுப் புள்ளிக்குப் போக விடாது. இன்னும் வேலை கிடைக்கவில்லை என்றால் வேலை தேடுபவர் என்ற அடிமட்டப் புள்ளி. அந்தச் சான்றும் 90 நாள்தான் செல்லும். காப்பகம் இல்லாமல் நேர்காணலுக்குப் போக முடியாது, வேலை இல்லாமல் காப்பகம் கிடைக்காது. புள்ளி அட்டவணையில் வெளிநாட்டவருக்குக் கழித்தல் என்று ஒரு வரிகூடக் கிடையாது. யாரும் பாரபட்சம் பார்க்கவில்லை. ஆனாலும் இரண்டு நியாயமான விதிகள் சேரும் இடத்தில் இவள் மாட்டிக்கொள்கிறாள்.

எடோகாவா வார்டில் வேறொரு பழைய வழக்கம் உண்டு. வார்டு நேரடியாக நடத்தும் காப்பகங்கள் கைக்குழந்தைகளை எடுப்பதில்லை. அதற்குப் பதிலாக, வார்டின் அனுமதி பெற்ற பெண்கள் தங்கள் வீட்டிலேயே, ஒரு வயது ஆகாத பிள்ளைகள் இரண்டு மூன்று பேரை வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். 'ஹொய்கு மாமா' என்று பெயர்; மாமா என்றால் அம்மா. 1969-இலிருந்து நடக்கிறது. நம்மூரில் எதிர்வீட்டுப் பாட்டியிடம் பிள்ளையை விட்டுப் போவதற்கு அரசாங்க முத்திரை குத்தியது போல இருக்கும். மொழி தெரியாத இளம் தாய்க்கு, அதட்டாமல் பேசும் ஒரு ஜப்பானியப் பெண்மணி கிடைப்பது பெரிய துணை.

மேல்மாடிப் பெண் வேறு வார்டு, பிள்ளைக்கும் வயது தாண்டிவிட்டது. மார்ச் இரண்டாவது சுற்றிலும் கிடைக்கவில்லை. மே மாதம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தனியார் காப்பகத்தில் வாரம் நான்கு நாள் விட்டாள். ரொட்டிக் கடை ஒன்றில் வேலை, காலை ஒன்பதிலிருந்து நாலு வரை. வாங்கும் சம்பளத்தில் பெரும்பகுதி காப்பகத்துக்கே போகிறது. நவம்பரில் மறுபடியும் என் சாப்பாட்டு மேஜையில் படிவத்தை விரித்து உட்கார்ந்தோம். கடை முதலாளி கையெழுத்துப் போட்ட வேலைச் சான்றிதழ் இருந்தது. 'பணம் கட்டி ஏற்கெனவே காப்பகத்தில் விட்டிருக்கிறீர்களா' என்ற கட்டத்தில் இந்தத் தடவை டிக் போட்டாள். விருப்பப் பட்டியலில் ஏழு காப்பகங்கள். ஏழாவது, சைக்கிளில் முப்பத்தைந்து நிமிடம். அதை எழுதும்போது பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "எழுதிடவா அக்கா?" எழுது என்றேன்.